எக்ஸ்-கதிர் சோதனையில் உடனடித் தரவுப் பகுப்பாய்வு: முதல் பீம்டைமுக்குத் தயாராவது எப்படி?

எக்ஸ்-கதிர் மையத்தில் உங்கள் சோதனைக்கென ஒதுக்கப்படும் நேரம்தான் பீம்டைம். பல படிகங்களின் எக்ஸ்-கதிர்ப் படங்களைச் சேர்த்துப் புரதத்தின் கட்டமைப்பை அறியும் தொடர்படிகவியல் சோதனையில் ஒரு மெல்லிய திரவத் தாரையில் புரத நுண்படிகங்கள் மிதந்து வருகின்றன. ஒவ்வொரு கதிர்த்துடிப்புக்கும் டிடெக்டர் ஒரு ஃபிரேம், அதாவது ஒரு படம், எடுக்கிறது. 2009-இல் தொடங்கிய அமெரிக்காவின் எல்சிஎல்எஸ் எக்ஸ்-கதிர் லேசர் நொடிக்கு 120 துடிப்பு என்ற வேகத்தில் இயங்கியது. ஹாம்பர்க் பகுதியிலுள்ள யூரோப்பியன் எக்ஸ்எஃப்இஎல் என்ற எக்ஸ்-கதிர் லேசரில் துடிப்புகள் நொடிக்கு 10 தொடர்களாக வருகின்றன. அங்குள்ள ஏஜிஐபிடி டிடெக்டர் ஒரு தொடரில் 352 ஃபிரேம்வரை பிடித்துவைக்கும், ஆக நொடிக்கு 3,520. இவற்றில் பெரும்பாலானவை வெறும் திரவத்தின் மேல் பட்டவை. படிகம் சிக்கிய ஃபிரேமைத்தான் ‘ஹிட்’ என்கிறோம்.

இதையெல்லாம் கோப்பில் சேமித்துவிட்டு மறுநாள் திறந்து பார்த்தால், தாரை பாதி இரவு கதிரை விட்டு விலகியே ஓடியிருப்பது அப்போதுதான் தெரியவரும். மாதம் கணக்கில் தயாரித்த மாதிரி அதற்குள் வடிகாலில் போயிருக்கும். அதைத் தடுப்பதற்குத்தான் உடனடிக் கண்காணிப்பு மென்பொருள். அது நான்கு கேள்விகளுக்குச் சில நொடிகளுக்குள் விடை சொல்ல வேண்டும்: படிகம் படுகிறதா, எந்தப் பகுதிறன் (எவ்வளவு நுண்ணிய விவரம்) வரை படிகத்தின் புள்ளிகள் தெரிகின்றன, டிடெக்டர் தெவிட்டுகிறதா (அளக்கக்கூடிய உச்சத்தை எட்டிவிடுகிறதா), கருவியில் ஏதாவது நகர்ந்துவிட்டதா. கட்டமைப்பைத் தீர்ப்பது இதன் வேலையில்லை. அதற்குப் பிற்பாடு கிரிஸ்ட்எஃப்இஎல் போன்ற தொகுப்புகள் இருக்கின்றன. இங்கே துல்லியத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், தாமதத்துக்கு இடம் கொடுக்க முடியாது. தரவைச் சேமிக்கும் வழியில் இந்த மென்பொருள் ஒருபோதும் குறுக்கே நிற்கவும் கூடாது.

1. அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

ஓஎம் என இப்போது அழைக்கப்படும் ஆன்டா, ஒற்றைத் துகள் படமெடுப்புக்குப் பெயர்பெற்ற ஹம்மிங்பேர்ட் போன்றவை பைத்தானில் எழுதப்பட்டவை. எதை எடுத்தாலும் உள்ளே மூன்று பாகங்கள் இருக்கும். ஒரே நேரத்தில் ஓடும் வொர்க்கர் நிரல்கள் பல, ஆளுக்கொரு ஃபிரேமை எடுத்துத் திருத்தி, அதில் பீக், அதாவது படிகத்தால் வரும் பிரகாசமான புள்ளி, தேடுகின்றன. ஒரு சேகரிப்பான் அவற்றின் விடைகளை வாங்கி ஹிட் விகிதம் போன்ற கூட்டுக் கணக்குகளைப் போடுகிறது. வேறொரு கணினியில் ஓடும் திரைநிரல் அதைப் படமாகக் காட்டுகிறது. ஓஎம்மில் முதலிரண்டும் எம்பிஐ என்ற செய்திப் பரிமாற்ற முறை மூலம் பேசிக்கொள்கின்றன. திரைக்குப் போகும் தரவு ஜீரோஎம்கியூ என்ற செய்தி அனுப்பும் நூலகம் வழியாக ஒலிபரப்பாகிறது. அமைப்பு மதிப்புகள் எல்லாம் ஒரே யாமல் கோப்பில் (எளிய உரைக்கோப்பு) இருக்கும்.

திரைநிரல் தனியாக இருப்பதில் பெரிய வசதி உண்டு. அது செயலிழந்தாலும் பகுப்பாய்வு தொடரும், கட்டுப்பாட்டு அறையில் நான்கு பேர் நான்கு திரையில் பார்க்கலாம்.

2. வொர்க்கர் எத்தனை வேண்டும் என்று கணக்கிடுங்கள்

குத்துமதிப்பாக வைக்காதீர்கள். ஒரு வொர்க்கரை மட்டும் ஓட்டி, ஒரு ஃபிரேமுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். 80 மில்லிநொடி ஆகிறது என்றால், ஒரு வொர்க்கர் நொடிக்கு 12.5 ஃபிரேம் பார்க்கும். 120 ஹெர்ட்ஸுக்கு 9.6, அதாவது 10 வேண்டும். அதோடு நிறுத்தாமல் 15 வையுங்கள். பீக் நிறைந்த ஃபிரேம்களுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஹிட் விகிதம் ஏறும் நல்ல நேரத்தில்தான் மென்பொருள் திணறத் தொடங்கும்.

வொர்க்கரைக் கூட்டியும் வேகம் ஏறவில்லையா? நம்பை போன்ற பைத்தான் கணக்கீட்டு நூலகங்கள் ஒவ்வொரு வொர்க்கருக்குள்ளும் தாமாகவே பல த்ரெட்களை (இணை ஓட்டங்களை) திறந்து, செயலியின் ஒரே கோருக்குப் பல பேர் அடித்துக்கொள்வதுதான் வழக்கமான காரணம். த்ரெட் எண்ணிக்கைக்கான சூழல் மாறியை 1 என்று வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். நினைவகத்தையும் கவனியுங்கள். 42 லட்சம் பிக்சல் கொண்ட 4 மெகாபிக்சல் ஜங்ஃப்ராவ் டிடெக்டருக்கு ஒரு மிதவைப்புள்ளி அணி சுமார் 16.8 மெகாபைட். மூன்று கெயின் (சைகைப் பெருக்கம்) நிலைகளுக்கும் டார்க் (கதிரில்லாப் படம்), கெயின் என ஆறு அணி. ஒரு வொர்க்கருக்கு 100 மெகாபைட் இதிலேயே போய்விடும்.

3. தரவை எங்கிருந்து எடுப்பது

புதியவர்கள் செய்யும் மிக ஆபத்தான தவறு இந்தப் படியில்தான் நடக்கிறது.

ஜீரோஎம்கியூவில் புஷ்-புல் இணைப்பு, பப்-சப் இணைப்பு என்ற இரண்டும் வேறு வேறு குணம் உள்ளவை. புஷ் முனை தன்னோடு இணைந்தவர்களுக்கு ஃபிரேம்களை முறைவைத்துப் பங்கிடும். பப் முனை ஒவ்வொரு ஃபிரேமையும் கேட்பவர் எல்லோருக்கும் அனுப்பும். சேமிப்பு நிரல் ஒன்று ஏற்கனவே அந்த முனையிலிருந்து வாங்கிக்கொண்டிருக்கும்போது உங்கள் மானிட்டரையும் (கண்காணிப்பு மென்பொருளையும்) அதிலேயே செருகினால், ஃபிரேம்களில் பாதி உங்களிடம் வந்துவிடும். கோப்பில் ஒன்றுவிட்டு ஒன்று காணாமல் போகும். எந்தப் பிழைச்செய்தியும் வராது. ஐகர் டிடெக்டரின் ஸ்ட்ரீம் (நேரடித் தரவோட்டம்) இந்தப் புஷ் வகையைச் சேர்ந்தது. ஆகவே அதை ஒரு இடைநிரல் மட்டும் வாங்கி, பப் முனையில் மறுஒலிபரப்புச் செய்ய, மானிட்டர் அங்கிருந்து கேட்பதே பாதுகாப்பு.

பப்-சப் இணைப்பில் வாங்குபவர் மெதுவாக இருந்தால் ஃபிரேம்கள் சத்தமில்லாமல் உதிர்ந்துபோகும். மானிட்டருக்கு அது நல்லதுதான். டிடெக்டரை யாரும் பிடித்து நிறுத்தவில்லை. ஆனால் வரிசையின் உச்சவரம்பு இயல்பாக 1,000 செய்தி. வொர்க்கர் பின்தங்கினால் நீங்கள் பார்ப்பது நிகழ்காலம் இல்லை, 1,000 ஃபிரேமுக்கு முந்தைய கதை. 120 ஹெர்ட்ஸில் அது 8 நொடிக்கு மேல். வாங்கும் பக்கத்திலும் அனுப்பும் பக்கத்திலும் வரம்பை ஒற்றை இலக்கத்துக்குக் குறைத்துவிடுங்கள்.

எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் எச்டிஎஃப்5 தரவுக்கோப்பிலிருந்தே படிப்பது கடைசி வழி. எழுதும் நிரல் கோப்பை ஒருவர் எழுதப் பலர் வாசிக்கும் முறையில் திறந்திருந்தால் மட்டுமே இது நம்பகமாக நடக்கும், 1.10 பதிப்பிலிருந்து அந்த வசதி உண்டு. பிட்ஷஃபிள்-எல்இசட்4 முறையில் சுருக்கப்பட்ட கோப்பென்றால் அதை விரிக்கும் செருகுநிரலும் கணினியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோப்பு திறக்கும், உள்ளே இருக்கும் படத்தை மட்டும் படிக்க முடியாது.

4. டார்க், கெயின்

கதிர் இல்லாமல் எடுத்த ஃபிரேம்களின் சராசரிதான் டார்க். வெப்பநிலை மாறினாலோ டிடெக்டரை மறுதொடக்கம் செய்தாலோ புதிதாக எடுங்கள். ஷிஃப்ட் தொடக்கத்தில் ஒருமுறை எடுப்பதைப் பழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம், சில நிமிடம்தான் ஆகும்.

ஜங்ஃப்ராவில் ஒவ்வொரு பிக்சலும் தனக்கு வேண்டிய கெயினைத் தானே மாற்றிக்கொள்ளும். 16 பிட் எண்ணில் கீழ் 14 பிட் அளவைச் சொல்ல, மேல் இரண்டு பிட் கெயின் நிலையைச் சொல்கிறது. அந்த இரண்டையும் பிரிக்காமல் அப்படியே படித்தால், கெயின் மாறிய பிக்சல்கள் 16,384-க்கு மேலோ 49,152-க்கு மேலோ தாவி நிற்கும். திரையில் நம்ப முடியாத பிரகாசத்தில் புள்ளிகள் தெரிந்தால் மகிழ்வதற்கு முன் இந்த இரண்டு எண்களையும் நினைவில் கொள்ளுங்கள். டார்க்கும் மூன்று கெயினுக்கும் தனித்தனியாக வேண்டும்.

5. மாஸ்க்

கணக்கில் சேர்க்கக் கூடாத பிக்சல்களின் பட்டியல் இது. பழுதான பிக்சல்கள், டிடெக்டரின் துண்டுகளான மாட்யூல்களின் விளிம்புகள், கதிர்த்தடுப்பானின் நிழல், இடைவெளிகள் எல்லாம் இதில் வரும். ஐகர் தன் இடைவெளி பிக்சல்களை அந்த எண்வகையின் உச்ச மதிப்பால் நிரப்புகிறது: 16 பிட்டில் 65,535, 32 பிட்டில் 4,294,967,295. குறியுள்ள எண்ணாக மாற்றினால் இதே மதிப்பு −1 ஆகிவிடும். ‘உச்ச மதிப்பு வந்தால் விலக்கு’ என்று எழுதிய நிரல் அப்போது ஏமாந்துபோகும்.

இன்னொன்று: தாரையின் மேல் கதிர் படும்போது, தாரைக்குச் செங்குத்தான திசையில் நடுமையத்தருகே பிரகாசமான கீற்று ஒன்று விழும். பீக் தேடும் நிரலுக்கு அது பீக் கூட்டமாகத் தெரியும். அந்தப் பகுதியையும் மறைத்துவிடுங்கள்; தாரை சாய்ந்தால் கீற்றும் திரும்பும் என்பதால் கொஞ்சம் அகலமாகவே மறையுங்கள்.

6. ஜியோமெட்ரி

ஒவ்வொரு மாட்யூலும் எங்கே, எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும் கோப்பு இது. கிரிஸ்ட்எஃப்இஎல் வடிவத்திலேயே பெரும்பாலும் எழுதப்படுகிறது. பிக்சல் அளவை இந்தக் கோப்பு ஒரு மீட்டருக்கு எத்தனை பிக்சல் என்ற கணக்கில் கேட்கும். 75 மைக்ரான் பிக்சலுக்கு 13,333, 200 மைக்ரானுக்கு 5,000. அங்கே 75 என்று எழுதிவிட்டுப் பகுதிறன் வளையங்களைத் தேடுபவர்கள் உண்டு.

மாதிரிக்கும் டிடெக்டருக்கும் உள்ள தூரத்தைச் சரிபார்க்க லாந்தனம் ஹெக்சாபோரைடு தூளை வையுங்கள். அதன் படிக அலகுக்கூட்டின் பக்க நீளம் 4.157 ஆங்ஸ்ட்ராம் என்பது நன்கு தெரிந்தது. 9.3 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிரின் அலைநீளம் 12.398 ÷ 9.3 = 1.333 ஆங்ஸ்ட்ராம். டிடெக்டர் 120 மி.மீ. தொலைவில் இருந்தால் முதல் வளையத்தின் ஆரம் 40.0 மி.மீ. வர வேண்டும், 75 மைக்ரான் பிக்சலில் 534 பிக்சல். அளந்தது 539 என்று வந்தால் தூரம் சுமார் 1 விழுக்காடு கூடுதல், அதாவது 121 மி.மீ. வளையம் முழு வட்டமாக இல்லாமல் மாட்யூலுக்கு மாட்யூல் உடைந்து தெரிந்தால் தூரத்தை மாற்றிப் பயனில்லை, மாட்யூல் இடங்கள்தான் பிசகியிருக்கின்றன.

இதே தொலைவில் மையத்திலிருந்து 60 மி.மீ. தள்ளி விழும் புள்ளி 2.9 ஆங்ஸ்ட்ராம் பகுதிறனைக் குறிக்கும். இந்த ஒரு எண்ணை ஒரு தாளில் எழுதித் திரைக்கருகே ஒட்டிவையுங்கள். இரவு மூன்று மணிக்கு மென்பொருள் காட்டும் வளையம் சரியா என்று சந்தேகம் வரும்போது அதுவே கைகொடுக்கும்.

7. பீக் தேடல்: அதிக நேரம் இங்கே செலவழியுங்கள்

பரவலாகப் பயன்படும் பீக்ஃபைண்டர்8 என்ற முறை செய்வது இது. மையத்திலிருந்து ஒரே தூரத்திலுள்ள பிக்சல்களை எல்லாம் சேர்த்துச் சராசரியையும் சிதறலையும் கணக்கிடும். பிரகாசமானவற்றை விலக்கிவிட்டு அதே கணக்கைச் சிலமுறை திரும்பப் போடும். பிறகு, அந்தச் சராசரியை விட இரைச்சலின் இத்தனை மடங்கு மேலே இருக்கும் பிக்சல்களை எடுத்து, ஒட்டியிருப்பவற்றை ஒரு கொத்தாகச் சேர்க்கும். கொத்தில் உள்ள பிக்சல் எண்ணிக்கை நீங்கள் கொடுத்த வரம்புக்குள் இருந்தால் அது பீக்.

ஜியோமெட்ரி பிசகினால் ஹிட் விகிதமும் ஏன் கெடுகிறது என்பது இதிலிருந்தே புரியும். மையம் பத்துப் பிக்சல் தள்ளியிருந்தால், திரவத்தின் மங்கலான வளையத்தின் பிரகாசமான பகுதியும் இருண்ட பகுதியும் ஒரே ஆரத்தில் கலந்துவிடும். வளையத்தின் ஒரு பக்கம் முழுக்கப் பொய்ப் பீக் முளைக்கும், மறுபக்கம் உண்மையான பீக் மறையும்.

தொடக்க மதிப்புகளாகச் சைகை-இரைச்சல் விகிதம் 5 முதல் 8 வரை, குறைந்தது 2 பிக்சல், அதிகம் 20 பிக்சல், அருகமைப் பின்புல ஆரம் 3 அல்லது 4, ஒரு ஹிட்டுக்குக் குறைந்தது 15 பீக் என்று வைக்கலாம். தனியாக ஒரு வாசல் மதிப்பும் உண்டு: அதற்குக் கீழே உள்ள பிக்சல் எதுவும் கணக்கில் வராது. இதை அடுத்தவர் கோப்பிலிருந்து நகலெடுக்காதீர்கள். உங்கள் டிடெக்டரில், உங்கள் ஆற்றலில் ஒற்றை ஃபோட்டான் எவ்வளவு மதிப்பு தருகிறது என்று பார்த்து, அதன் சில மடங்காக வையுங்கள். டிடெக்டர் மாறினால் இந்த எண்ணின் அலகே மாறிவிடும்.

அதன்பின் இந்த வரிசையில் செல்லுங்கள்:

1. படிகம் இல்லாத வெறும் கரைசலை ஓடவிட்டு 1,000 ஃபிரேம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனைப் பீக் வந்தது என்று வரைபடம் போடுங்கள். பெரும்பாலும் 0 முதல் 3 வரை, எப்போதாவது 8 என்று இருந்தால், ஹிட்டுக்கான 15 பாதுகாப்பான எல்லை. வால் 20 வரை நீண்டால் எல்லையை ஏற்றாதீர்கள். முதலில் மாஸ்க்கைப் பாருங்கள்.

2. பீக் விழுந்த இடங்களை எல்லாம் ஒரே படத்தில் அடுக்குங்கள். நிஜப் படிகங்கள் நாளடைவில் மெல்லிய வளையங்களை வரையும். ஒற்றைப் பிக்சலில் எண்ணிக்கை குவிந்திருந்தால் அது பழுதான பிக்சல், மாஸ்க்கில் சேருங்கள். மாட்யூல் ஓரத்தில் கோடாகக் குவிந்தால் விளிம்பை இன்னும் ஒரு பிக்சல் மறையுங்கள்.

3. படிகம் ஓடும்போது, ஹிட் என்று சொன்னவற்றில் 20, இல்லை என்று சொன்னவற்றில் 20 ஃபிரேம்களைக் கண்ணால் பாருங்கள். இரண்டாவது 20-ஐத்தான் பலர் பார்ப்பதில்லை. நழுவிய ஹிட்கள் அங்கேதான் இருக்கும்.

மையத்தருகே உள்ள பலமான புள்ளிகள் மட்டும் விடுபடுகின்றன என்றால் அதிகபட்சப் பிக்சல் எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு மதிப்புகளை மாற்றாதீர்கள். எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

8. ஹிட் விகிதத்தைப் படிப்பது

திரையில் ஓடும் கோடு ஒரு நகரும் சராசரி. 200 ஃபிரேம் சாளரத்தில் 5 விழுக்காடு விகிதம் என்றால் 10 ஹிட். அதில் இயல்பான ஆட்டமே சுமார் 3. ஆகவே 3.5-க்கும் 6.5-க்கும் இடையே கோடு குதிப்பதைப் பார்த்துத் தாரையைத் திருகுவது வீண். 1,000 ஃபிரேமுக்குச் சாளரத்தை விரித்தால் 50 ஹிட்டுக்கு 7 என்று ஆட்டம் அடங்கும், ஆனால் மாற்றம் தெரிய 120 ஹெர்ட்ஸில் 8 நொடி ஆகும். தாரையை ஒழுங்குபடுத்தும்போது சிறிய சாளரம், தரவு சேகரிக்கும்போது பெரியது என இரண்டு கோடுகளையும் சேர்த்தே காட்டுவது நல்லது.

விகிதம் ஏற ஏற நல்லது என்றும் நினைக்க வேண்டாம். படிகங்கள் தற்செயலாக வருகின்றன என்று கொண்டால், 5 விழுக்காட்டில் ஹிட்களில் 2.5 விழுக்காடுதான் ஒன்றுக்கு மேற்பட்ட படிகம் சிக்கியவை. 30 விழுக்காட்டில் அது 17 ஆகிறது, 50-இல் 31. அடர்த்தியைக் கூட்டுவதற்கு முன் இந்தக் கணக்கை மாதிரி தயாரிப்பவரிடம் சொல்லுங்கள்.

தெவிட்டிய பீக் உள்ள ஹிட்களின் விழுக்காட்டையும் பக்கத்திலேயே காட்டுங்கள். பீக்கின் உச்ச மதிப்பை ஆரத்துக்கு எதிராக வரைந்தால், மேலே தட்டையான கூரை போல் புள்ளிகள் வெட்டுப்பட்டு நிற்பது கண்ணில் படும். அப்படித் தெரிந்தால் கதிரைத் தணிக்கச் சொல்ல வேண்டிய நேரம்.

9. எல்லாவற்றையும் பார்க்க முடியாதபோது

ஏஜிஐபிடியில் நொடிக்கு 3,520 ஃபிரேம், ஒவ்வொன்றும் 1,024 × 1,024 பிக்சல், 2 பைட்: படம் மட்டுமே நொடிக்கு 7.4 கிகாபைட். 80 மில்லிநொடி வீதம் கணக்கிட்டால் 282 வொர்க்கர் வேண்டும். சில ஃபிரேம்களை மட்டும் எடுத்துப் பார்ப்பதில் தவறில்லை, எடுக்கும் முறையில்தான் கவனம் வேண்டும்.

ஒவ்வொரு தொடரிலும் முதல் ஃபிரேமை மட்டும் எடுக்காதீர்கள். முந்தைய துடிப்பால் தாரை சிதறியிருக்க வாய்ப்பே இல்லாத ஃபிரேம் அது ஒன்றுதான். மற்ற 351-இன் நிலையை அது சொல்லாது. தொடர் முழுவதும் பரவலாக எடுங்கள்.

ஒன்றுவிட்டு ஒரு துடிப்புக்கு ஒளியூட்டும் லேசர் சேரும் சோதனையில் பத்தில் ஒன்று என்று எடுத்தால், உங்களுக்கு வருவது எல்லாமே ஒளியூட்டியவை அல்லது எல்லாமே ஒளியூட்டாதவை. பதினொன்றில் ஒன்று என்று மாற்றினால் இரண்டும் மாறி மாறி வரும். வேறு சுழற்சியாக இருந்தாலும், அதனுடன் பொதுக் காரணி இல்லாத எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

10. திரைக்கு எதை அனுப்புவது

முழு ஃபிரேம்களை அனுப்பாதீர்கள். 16.8 மெகாபைட் படத்தை 120 ஹெர்ட்ஸில் அனுப்பினால் நொடிக்கு 2 கிகாபைட்; 1 கிகாபிட் இணைப்பு அதிகபட்சம் 125 மெகாபைட் தாங்கும். பீக் பட்டியலை எல்லா ஃபிரேமுக்கும், படத்தை நொடிக்கு ஒன்று என்றும் அனுப்பினால் போதும்.

‘தரவின் வயது’ என்று ஒரு எண் திரையில் கட்டாயம் இருக்கட்டும்: ஃபிரேமின் நேரமுத்திரைக்கும் இப்போதைய நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். அது 1 நொடிக்குள் நிற்க வேண்டும். மெல்ல ஏறிக்கொண்டே போனால் வொர்க்கர் போதவில்லை. எதிர்மறையாக வந்தால் கணினிக் கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை. ஃபிரேம் வருவது நின்றுவிட்டால் பழைய கோட்டைத் திரை அப்படியே காட்டிக்கொண்டிருக்கும். எல்லாம் சீராக இருப்பதாக அறை முழுவதும் நம்பும். 3 நொடி புதிய தரவு வராவிட்டால் பின்னணி நிறமே மாறும்படி செய்யுங்கள்.

11. ஒத்திகை

பீம்டைமுக்கு ஒரு வாரம் முன்பே, அதே டிடெக்டரில் எடுத்த பழைய தரவு ஒன்றைத் தேடுங்கள். சிஎக்ஸ்ஐடிபி தரவு வங்கியில் பொதுவில் கிடைப்பவை பல உண்டு. அதைச் சோதனையில் வரும் அதே வேகத்தில் ஒலிபரப்பும் ஒரு சிறு நிரல் எழுதி, மானிட்டரை அதோடு இணைத்து இரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள். ஐந்து நிமிடம் போதாது. நினைவகம் மெல்ல நிரம்பும் பிழை அதற்குள் வெளிப்படாது.

பிறகு வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். ஒலிபரப்பைப் பாதியில் நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள்: மானிட்டர் தானாக மீள்கிறதா? ஒரு வொர்க்கரைக் கொல்லுங்கள்: எம்பிஐயில் பொதுவாக மொத்தமும் சேர்ந்தே விழும், ஆகவே எத்தனை நொடியில் மறுபடி எழுப்ப முடிகிறது என்று அளந்துகொள்ளுங்கள். வெறும் ஃபிரேம், சேதமான ஃபிரேம், பிக்சல் எண்ணிக்கை தவறிய ஃபிரேம் ஒவ்வொன்றையும் அனுப்புங்கள். கடைசியாக, மானிட்டரை முழுவதும் நிறுத்திவிட்டுச் சேமிப்புக் கோப்பில் ஃபிரேம் எண்ணிக்கை குறைகிறதா என்று எண்ணிப் பாருங்கள். மானிட்டர் ஓடும்போதும் ஓடாதபோதும் அந்த எண் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

ஷிஃப்ட் மாறும்போது யாமல் கோப்பு, மாஸ்க், ஜியோமெட்ரி, டார்க் ஆகிய நான்கையும் ரன் (ஒரு தடவைத் தரவுச் சேகரிப்பு) எண்ணோடு சேர்த்து நகலெடுத்து வையுங்கள். அடுத்து வருபவர் வாசல் மதிப்பை மாற்றினால், ஹிட் விகிதக் கோட்டில் தெரியும் அந்தத் திடீர் ஏற்றம் மாதிரியால் வந்ததா, எண்ணை மாற்றியதால் வந்ததா என்பதை அந்த நகலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.